பவர் ஸ்டீயரிங்கின் ஓசை: ஒரு கருவியும் அதைச் செவியால் சோதித்த தொழிலும்

பழைய கார்களின் பவர் ஸ்டீயரிங் எழுப்பும் ஓசையைக் கேட்டுக் கோளாறைக் கண்டறியும் திறன், மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலின் ஒரு சிறு கிளையாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. எனினும் அந்த ஓசைகள் ஒவ்வொன்றும், அந்த அமைப்பை உருவாக்கியவர்கள் ஏதோ ஒரு காலத்தில் எடுத்த வடிவமைப்பு முடிவின் விளைவு என்பதால், கருவியின் வரலாற்றைத் தொடாமல் அதைச் சோதிக்கும் முறையின் வரலாற்றைச் சொல்ல இயலாது. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங் 1926-இல் அமெரிக்காவின் கார் உற்பத்தியாளர்களுக்கு ஓட்டிக் காட்டப்பட்டது. 1951-இல் பயணியர் கார்களில் விற்பனைக்கு வந்தது. 1988 முதல் மின்மோட்டார் அதன் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது. இந்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் பட்டறைகள் கற்றுக்கொண்ட அடிப்படைப் பாடம் ஒன்றே: ஓசை எத்தகையது என்பதைவிட, அது எந்த நிலையில் எழுகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்பதே கோளாறின் இருப்பிடத்தைக் காட்டும்.

எண்ணெயைச் சுழலவிட்டவர்

வாகனத்தைத் திருப்புவதற்கு மனிதக் கையின் வலிமை போதாத நிலை முதலில் கப்பல்களில்தான் ஏற்பட்டது. கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலுக்கு 1860-களில் ஜான் மெக்ஃபார்லேன் கிரே அமைத்த நீராவிச் சுக்கான் பொறி, மாலுமி சக்கரத்தைத் திருப்பிய அளவுக்கே சுக்கானும் திரும்பி நிற்கும்படி செய்தது. கையின் அசைவைப் பொறி பின்தொடர்ந்து, கை நின்றதும் தானும் நிற்க வேண்டும் என்ற இந்தக் கொள்கையே பிற்காலத்துப் பவர் ஸ்டீயரிங்குக்கும் அடித்தளமாயிற்று. மோட்டார் வாகனங்களில் அந்தத் தேவை 1920-களில் கூர்மையடைந்தது. லாரிகளின் எடை கூடிக்கொண்டிருந்தது; 1923-இல் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் அகன்ற பலூன் டயர்கள் வந்தபோது பயணம் மென்மையானது, ஆனால் தரையோடு கூடுதலாக உராய்ந்த அந்த டயர்களை நின்ற இடத்தில் திருப்புவது மேலும் கடினமாயிற்று. ஸ்டீயரிங் பெட்டியிலுள்ள பற்சக்கரங்களின் விகிதத்தைக் கூட்டினால் கைக்குச் சுமை குறையும் என்றாலும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சக்கரத்தைச் சுற்ற வேண்டிய எண்ணிக்கை பெருகி, அவசரத்தில் வண்டியை ஒடிக்க முடியாமல் போகும்.

இந்தச் சிக்கலைக் கையிலெடுத்தவர் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த ஃபிரான்சிஸ் டபிள்யூ. டேவிஸ். வேலையை விட்டு விலகி, மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் சிறியதொரு பட்டறையை அமைத்துக்கொண்ட அவர், அக்காலத்து நீரியல் கருவிகளில், அதாவது திரவத்தின் அழுத்தத்தைக் கொண்டு வேலை வாங்கும் கருவிகளில், இருந்த அடிப்படைக் குறையை முதலில் ஆராய்ந்தார். அக்கருவிகள் பெரும்பாலும் மூடிய வால்வு முறையைப் பின்பற்றின: பம்பு எண்ணெயை உயர்ந்த அழுத்தத்தில் சேமித்து வைத்திருக்கும், வால்வு அதைத் தடுத்து நிற்கும், தேவைப்படும்போது மட்டும் வால்வு திறக்கும். எப்போதும் உயரழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டியிருந்ததால் இணைப்புகளில் கசிவும், வால்வு திறக்கும்போது அதிர்வும் இரைச்சலும் தவிர்க்க முடியாதவையாக இருந்தன.

டேவிஸ் இதை அப்படியே தலைகீழாக்கினார். அவருடைய அமைப்பில் வால்வு நடுநிலையில் திறந்தே இருக்கும்; எண்ணெய் பம்பிலிருந்து புறப்பட்டு வால்வின் வழியாகத் தொட்டிக்குத் தடையின்றித் திரும்பிக்கொண்டே இருக்கும்; ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கத்துப் பாதையைக் குறுக்குவதால் அழுத்தம் எழுந்து, பிஸ்டனைத் தள்ளி, முன்சக்கரங்களைத் திருப்பும். ஆகவே நேராக ஓடும்போது அமைப்பில் அழுத்தம் மிகக் குறைவு, கசிவும் குறைவு, இரைச்சலும் குறைவு. 1926-இல் டேவிஸ் இந்த அமைப்பைப் பொருத்திய பியர்ஸ்-ஆரோ காரை டெட்ராய்ட் நகருக்கு ஓட்டிச் சென்று உற்பத்தியாளர்களுக்குக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. காடிலாக் கார்களில் அதைச் சேர்க்கும் திட்டம் 1930-களின் பெருமந்தத்தில் செலவு கருதிக் கைவிடப்பட்டது. அதன்பின் பென்டிக்ஸ் நிறுவனத்தோடு கைகோத்த டேவிஸின் கருவிக்கு முதல் பெரிய சந்தை, இரண்டாம் உலகப்போரின் கவச வாகனங்களிலும் கனரக லாரிகளிலும் கிடைத்தது.

இரைச்சலைக் குறைக்கப் பிறந்த இந்தத் தீர்வுக்குள்ளேயே பிற்காலத்து இரைச்சலின் மூலமும் இருந்தது. எண்ணெய் ஒருகணமும் ஓயாமல் சுழல வேண்டும் என்றால், எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் பம்பும் ஓட வேண்டும். பம்பு ஓடினால் அதை இழுக்கும் பெல்ட்டும் ஓட வேண்டும். சுழலும் எண்ணெய் சூடேறும், காற்றோடு கலந்தால் நுரைக்கும், குறுகிய இடைவெளிகளைக் கடக்கும்போது சீறும். உதவி தேவைப்படாத நெடுஞ்சாலையிலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கருவி முற்றிலும் அமைதியாக இருக்க முடியாது என்ற உண்மை, இதன் எதிர்கால வரலாறு முழுவதையும் நிர்ணயித்தது.

விற்பனைக் கூடத்தில் ஓசை

போருக்குப் பின் டேவிஸின் முதன்மையான காப்புரிமைகள் காலாவதியான நிலையில், கிரைஸ்லர் நிறுவனம் 1951-ஆம் ஆண்டின் இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைட்’ என்ற பெயரில் பவர் ஸ்டீயரிங்கை வழங்கியது. அதற்கு ஈடுகொடுக்க ஜெனரல் மோட்டார்ஸ், மிச்சிகன் மாநிலத்து சாகினாவில் இருந்த தன் ஸ்டீயரிங் பிரிவின் வழியாக 1952-ஆம் ஆண்டின் காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் தன் அமைப்பைக் கொண்டுவந்தது. பத்தாண்டுகளுக்குள் அமெரிக்காவின் பெரிய கார்களில் அது வழக்கமான வசதியாகி, எட்டு சிலிண்டர் எஞ்சின்களின் எடையைத் தாங்கிய முன்சக்கரங்களை ஒற்றைக் கையால் திருப்பலாம் என்ற நிலை வந்தது.

லாரியிலும் கவச வாகனத்திலும் யாரும் பொருட்படுத்தாத ஓசை, சொகுசுக் காரில் குறையாகத் தெரிந்தது. கார்களின் உட்பகுதி அமைதியாக அமைதியாக, அதுவரை எஞ்சினின் இரைச்சலில் மறைந்திருந்த பம்பின் முனகல் தனித்துக் கேட்கத் தொடங்கியது. ஆகவே 1950-களிலும் 1960-களிலும் இந்தத் துறையின் பொறியாளர்கள் செய்த வேலையில் கணிசமான பங்கு, ஓசையை அடக்கும் வேலையே. அவர்கள் எதையெல்லாம் அடக்கினார்களோ, அதுவெல்லாம் பாகங்கள் தேய்ந்தபின் மீண்டும் வெளிப்பட்டது. பழைய காரின் இரைச்சலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு குறிப்பு பெரிதும் உதவும்.

இவற்றில் முதலாவது பம்பு. பெரும்பாலான கார்களில் இடம்பெற்றது வேன் பம்பு எனப்படும் தகட்டுப் பம்பு: சுழலும் உருளையில் வெட்டப்பட்ட பிளவுகளில் சிறு தகடுகள் செருகப்பட்டிருக்கும், உருளை சுழலும்போது அவை வெளித்தள்ளப்பட்டு, சுற்றியுள்ள நீள்வட்ட வளையத்தை உரசியபடி எண்ணெயை ஒரு பக்கத்தில் உள்ளிழுத்து மறுபக்கத்தில் வெளியேற்றும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு அழுத்தப் பகுதிகளை வைத்து, அச்சின் பேரிங்மீது விழும் பாரத்தைச் சமன்செய்யும் முறையை 1925-இல் உருவாக்கியவர் ஹாரி விக்கர்ஸ். தொழிற்சாலை எந்திரங்களுக்காகப் பிறந்த அந்த முறையே காரின் முன்பக்கத்தில் குடியேறியது. இத்தகைய பம்பில் வழக்கமாகப் பத்துத் தகடுகள் இருக்கும். பம்பு நிமிடத்துக்கு 750 முறை சுழன்றால் விநாடிக்கு 125 துடிப்புகளும், 3000 முறை சுழன்றால் 500 துடிப்புகளும் எண்ணெயில் எழும். இந்தத் துடிப்பே பவர் ஸ்டீயரிங்கின் அடிப்படைச் சுருதி. எஞ்சின் வேகம் கூடும்போது ஊளை ஏறி, குறையும்போது இறங்கினால் அது பம்போடு அல்லது அதே பெல்ட்டில் ஓடும் வேறொரு கருவியோடு தொடர்புடையது என்றும், வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறினால் சக்கரப் பேரிங்கிலோ டயரிலோ தேட வேண்டும் என்றும் மெக்கானிக்குகள் வகுத்த முதல் விதி இதிலிருந்து வந்ததே.

இரண்டாவது, ஹோஸ். எண்ணெயின் துடிப்பு உலோகக் குழாயின் வழியாகச் சென்றால் காரின் உடல் முழுவதும் பறையாக அதிரும் என்பதால், அழுத்தக் குழாயின் நடுப்பகுதி சற்றே விரிந்துகொடுக்கும் ரப்பர் ஹோஸாக அமைக்கப்பட்டது. 1960-களில் அதன் உள்ளே துளையிட்ட மெல்லிய குழாயொன்றைச் செருகி, துடிப்பின் அலையை அதன் எதிரொலியாலேயே தணிக்கும் முறையும் புகுத்தப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இந்த உட்குழாய் தெரியாது. ஆகவே பழைய காரின் ஹோஸை மாற்றும்போது அதே நீளமும் அதே முனையும் கொண்ட சாதாரண ஹோஸைப் பொருத்திவிட்டால், கசிவு நின்றுவிடும், ஆனால் அதுவரை இல்லாத ஒரு ரீங்காரம் தொடங்கிவிடும். புதிய ஹோஸ் உடற்சட்டத்தையோ இன்னொரு குழாயையோ தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே விளைவு உண்டு. பழுதுபார்த்தபின் எழும் ஓசையைப் பழுதுபார்ப்பிலேயே தேட வேண்டும் என்ற பட்டறை வழக்கத்துக்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, வால்வு. சாகினா பிரிவு 1950-களின் இறுதியில் கொண்டுவந்த சுழல் வால்வு, ஸ்டீயரிங் தண்டின் நடுவே ஒரு மெல்லிய முறுக்குக் கம்பியை வைத்து, அந்தக் கம்பி முறுக்கப்படும் அளவுக்கு எண்ணெய்ப் பாதைகளைத் திறந்தும் மூடியும் வேலை செய்தது. அதன் கொள்கையே பிற்காலத்து நீரியல் ஸ்டீயரிங்குகள் பெரும்பாலானவற்றிலும் தொடர்ந்தது. நின்ற நிலையில் சக்கரத்தைத் திருப்பும்போது, உயரழுத்த எண்ணெய் இந்த வால்வின் நுண்ணிய இடுக்குகளின் வழியே பீறிடுவதால் மெல்லிய சீறல் கேட்கும். எந்தப் பவர் ஸ்டீயரிங்கிலும் ஓரளவு ஓசை இருக்கவே செய்யும் என்றும், வண்டியை நிறுத்துமிடத்தில் கேட்கும் இந்தச் சீறலுக்காக வால்வை மாற்றத் தேவையில்லை என்றும் ஜெனரல் மோட்டார்ஸின் பழுதுநீக்கக் கையேடுகள் பல பதிப்புகளில் விளக்கி வந்தன. இயல்பான ஓசைக்கும் கோளாறின் ஓசைக்கும் இடையில் எழுத்தில் கோடு கிழிக்கப்பட்டது இவ்வாறுதான்.

எண்ணெயும் காற்றும்

பவர் ஸ்டீயரிங்கின் முனகல்களில் பெரும்பங்கு, பம்பின் தேய்மானத்தால் வருவதில்லை. எண்ணெயில் கலந்த காற்றால் வருகிறது. இதன் இயற்பியலும் கப்பலிலிருந்தே வந்தது. 1890-களில் பிரிட்டனின் டேரிங் என்னும் போர்க்கப்பலைச் சோதித்தபோது, அதன் உந்துசுழலி எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. வேகமாகச் சுழலும் இறக்கைகளின் பின்னால் நீரின் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, நீர் அங்கே குமிழ்களாகப் பிளந்துவிடுகிறது என்பதைத் தார்னிகிராஃப்ட், பார்னபி ஆகியோர் விளக்கினர். அத்தகைய குமிழ் நொறுங்கும் கணத்தில் எழும் பெரும் அழுத்தத்தை 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். இந்நிகழ்வு குழிவாதல் எனப்படுகிறது.

காரின் பம்பில் இது நேரும் இடம் உள்ளிழுக்கும் வாய். குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதோ, தொட்டியின் அடியிலுள்ள வலைவடி அழுக்கடைந்திருக்கும்போதோ, உறிஞ்சு ஹோஸ் உட்புறம் உரிந்து பாதையை அடைக்கும்போதோ, பம்பு கேட்கும் அளவுக்கு எண்ணெய் வந்து சேர்வதில்லை. வாயில் அழுத்தம் தாழ்ந்து குமிழ்கள் தோன்றுகின்றன. அடுத்த கணமே உயரழுத்தப் பகுதியில் அவை நொறுங்குகின்றன. அதனால் எழும் ஊளை, எண்ணெய் சூடானதும் அடங்கினால் குறை எண்ணெயின் கெட்டித்தன்மையிலோ அதன் வகையிலோ இருக்கிறது. சூடான பின்பும் தொடர்ந்தால் அடைப்பையோ காற்றுக் கசிவையோ தேட வேண்டும்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிப்பதில் அனுபவமற்ற கண்ணை ஏமாற்றும் ஒரு முரண் உண்டு. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையக்கூடும் என்பதால், அங்கே இறுகிப்போன ஒரு ஓ-ரிங்கோ தளர்ந்த ஒரு கிளிப்போ எண்ணெயை வெளியே விடாமலேயே காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்; தரையில் ஒரு சொட்டுகூட விழாது, ஆனால் பம்பு ஊளையிடும். இதற்கான சோதனை மிக எளியது: எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பியபின் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால், நல்ல நிலையில் தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய், காற்று கலந்திருந்தால் வெளிறிக் கலங்கியிருக்கும், மேலே கடைந்த மோர்போல் நுரை கட்டியிருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் நுரை அடங்கி எண்ணெய் மட்டம் உயர்ந்தால், உள்ளே சிக்கியிருந்த காற்று விரிகிறது என்று பொருள். அந்நிலையில் புதுப் பம்பு வாங்குவது வீண்செலவு. ஓ-ரிங்கையோ கிளிப்பையோ மாற்றி, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை ஓட்டாமலேயே ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் பலமுறை சுற்றி, எண்ணெயை நிரப்பிக்கொண்டே காற்றை வெளியேற்ற வேண்டும். எஞ்சினை ஓட்டியபடி அவசரமாகச் செய்தால் பம்பு காற்றை நுண்குமிழ்களாக அடித்துக் கலக்கிவிடும். பின்னர் அது பிரிய நெடுநேரம் ஆகும்.

எண்ணெயின் வகையும் ஒரு தனி வரலாறு. அமெரிக்கக் கார்கள் தொடக்கத்தில் தானியங்கி கியர்பெட்டிக்கென 1949-இல் வரையறுக்கப்பட்ட ‘டைப் ஏ’ எண்ணெயையே ஸ்டீயரிங்குக்கும் பயன்படுத்தின. அந்த எண்ணெயில் வழுவழுப்புக்காகச் சேர்க்கப்பட்ட ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய், அந்த உயிரினம் அழியும் நிலையிலுள்ளது என்று அமெரிக்கா அறிவித்ததைத் தொடர்ந்து 1970-களின் தொடக்கத்தில் கைவிடப்பட, வேதிக் கலவைகள் மாறின. அதன்பின் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தத்தம் வகையை வலியுறுத்தத் தொடங்கியதால், சிவப்பு, பச்சை, நிறமற்றது என்று எண்ணெய்கள் பெருகின. ரப்பர் ஆயில் சீல் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகை எண்ணெயில் சரியான அளவுக்கு ஊறிப் பதமாக இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. வேறு வகையை ஊற்றினால் அது அளவுக்கு மீறி உப்பவோ சுருங்கி இறுகவோ கூடும். ஆகவே பழைய காரில் ஓசை கேட்கும்போது முதலில் எழுப்ப வேண்டிய கேள்விகளில் ஒன்று, கடைசியாக என்ன எண்ணெய் ஊற்றப்பட்டது என்பது.

டேவிஸின் வழியில் செல்லாத ஓர் அமைப்பு எப்படி ஒலித்தது என்பதைப் பார்த்தால், ஓசை வடிவமைப்பின் விளைவே என்பது இன்னும் தெளிவாகும். பிரான்சின் சித்ரோவென் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட டிஎஸ் காரில் ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் ஆகிய மூன்றுக்கும் ஒரே பம்பிலிருந்து, நைட்ரஜன் வாயு அடைத்த கோளம் ஒன்றில் அழுத்தத்தைச் சேமிக்கும் மூடிய முறை கையாளப்பட்டது. அழுத்தம் குறையும்போது சீராக்கி பம்பின் எண்ணெயைக் கோளத்துக்குள் விடும், நிறைந்ததும் நிறுத்தும், ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். அந்தக் காரின் மெக்கானிக் ஊளையைத் தேடுவதில்லை. ஒரு சொடுக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுகிறார். இடைவெளி நீண்டிருந்தால் அமைப்பு நலம். சில விநாடிகளுக்கு ஒருமுறை சொடுக்கினால் கோளத்தின் வாயு வெளியேறிவிட்டது அல்லது எங்கோ உட்கசிவு உள்ளது. அதே காரில் தொடக்கத்தில் பயன்பட்ட சிவப்புத் திரவத்துக்குப் பதிலாக 1960-களில் பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்தபோது, இரண்டுக்கும் ரப்பர் பாகங்கள் வெவ்வேறானவை என்பதால், ஒன்றுக்கான அமைப்பில் மற்றதை ஊற்றுவது அமைப்பையே அழிக்கும் தவறாயிற்று.

பெல்ட்டின் கூச்சல்

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் ‘கிறீச்’ என்று எழும் கூச்சல், எண்ணெயோடு தொடர்பற்றது. அது பெல்ட் வழுக்கும் ஓசை. நேராக ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பவுண்டுக்கும் குறைவாக இருக்கும் எண்ணெய் அழுத்தம், சக்கரம் கடைசி முனையைத் தொட்டதும் 1000 பவுண்டைத் தாண்டி, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் காப்பு வால்வு திறக்கும்வரை ஏறிவிடும். அந்தக் கணத்தில் பம்பைச் சுழற்றத் தேவையான விசை பன்மடங்காவதால், தளர்ந்த பெல்ட் புல்லியின்மேல் வழுக்குகிறது. காப்பு வால்வும் அப்போது உறுமலோடு சீறும். எண்ணெய் வெகுவேகமாகச் சூடேறும். முழுமுனையில் சக்கரத்தை ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது என்ற கையேட்டு எச்சரிக்கையின் காரணம் இதுவே.

டென்வர் நகரின் ஜான் கேட்ஸ் 1917-இல் உருவாக்கிய, குறுக்குவெட்டில் ஆங்கில வி வடிவம் கொண்ட பெல்ட், அறுபது ஆண்டுகளுக்கு மேல் கார்களின் துணைக்கருவிகளை இழுத்தது. அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் பவர் ஸ்டீயரிங் பம்புக்குத் தனிப் பெல்ட் இருந்தது என்பது நோயறியும் முறைக்கு ஒரு பெரிய வசதி. ஊளை பம்பிலா, மின்னாக்கியிலா, நீர்ப்பம்பிலா என்ற ஐயம் எழுந்தால், அந்த ஒரு பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில விநாடிகள் ஓட்டினால் போதும்: ஓசை மறைந்தால் குற்றவாளி பம்பே. 1979-இல் ஃபோர்டு மஸ்டாங் காரில் அறிமுகமாகி, பின்னர் எங்கும் பரவிய ஒற்றைப் பாம்புப் பெல்ட், எல்லாத் துணைக்கருவிகளையும் வளைந்து வளைந்து ஒன்றாகச் சுற்றியது. அது இறுக்கத்தைத் தானே சரிசெய்துகொண்டதால் பெல்ட்டின் கூச்சல் குறைந்தது. ஆனால் அதைக் கழற்றினால் எல்லாக் கருவிகளும் ஒருசேர நின்றுவிடுவதால் பழைய சோதனையின் கூர்மையும் மழுங்கியது.

அதன்பின் பட்டறைகள் வேறு வழிகளை நாடின. பெல்ட் ஓடும்போது அதன் உட்புறத்தில் சிறிது நீரைத் தெளித்தால், கூச்சல் கூடுமானால் இறுக்கம் போதாது, சற்று அடங்கி மீண்டும் ‘கீச் கீச்’ என்று தொடங்குமானால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. பம்பின் பேரிங்கைச் சோதிக்க, பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றிச் சொரசொரப்பையும் ஆட்டத்தையும் பார்ப்பதும், ஓடும் எஞ்சினில் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்பின் உடலில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பதும் பழைய வழக்கங்கள். மருத்துவர் லெனெக் 1816-இல் உருவாக்கிய ஸ்டெதாஸ்கோப்பின் நுனியில் உலோகக் கோலைப் பொருத்திய மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப், அந்த ஸ்க்ரூடிரைவரின் வேலையையே இன்னும் நுட்பமாகச் செய்தது.

செவி தவறும் இடம்

ஓசையை மட்டும் நம்பும் முறையின் எல்லையை 1980-களின் முன்சக்கர உந்துகைக் கார்கள் காட்டின. பெட்டி வகை ஸ்டீயரிங்குக்குப் பதிலாக ராக் அண்ட் பினியன் எனப்படும், பற்கள் வெட்டிய தண்டும் அதைத் தள்ளும் சிறு பற்சக்கரமும் கொண்ட அமைப்பு பரவிய காலம் அது. எடையைக் குறைப்பதற்காக வால்வின் உறை அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. சுழல் வால்வின் மேலிருந்த கடினமான டெஃப்லான் வளையங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அலுமினியத்தில் வரித்தடங்களை அரித்தன. குளிர்ந்த காலையில் வளையங்கள் இறுகியிருக்கும்போது எண்ணெய் அந்தத் தடங்களின் வழியே நழுவிவிட, ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். சில நிமிடங்களில் சூடேறியதும் இயல்பாகிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பரவலாகக் காணப்பட்ட இந்தக் குறை ‘காலை நேர நோய்’ என்று பட்டறைகளில் பெயர்பெற்றது. பம்பு ஒரு ஓசையும் எழுப்பாது, ஆயினும் உதவி கிடைக்காது. பம்பை மாற்றினாலும் மறுநாள் காலையில் குறை திரும்பும்.

இத்தகைய குறையைத் தீர்மானிக்க, பம்புக்கும் ராக்குக்கும் நடுவே வால்வோடு கூடிய அழுத்தமானியை இணைக்கும் சோதனை வழக்கமாயிற்று. வால்வை ஒருசில விநாடி மூடினால் பம்பு தானாக எழுப்பக்கூடிய அழுத்தம் மானியில் தெரியும். அது போதுமானதாக இருந்து, வால்வைத் திறந்து சக்கரத்தை முழுமுனைக்குத் திருப்பும்போது மட்டும் அழுத்தம் எழவில்லை என்றால், எண்ணெய் ராக்கின் உள்ளேயே நழுவுகிறது. ஆயினும் இச்சோதனையும் செவிமுறையின் தருக்கத்தையே பின்பற்றியது: குளிரா சூடா, நேராகவா முழுமுனையிலா, ஐட்லிங்கிலா வேகத்திலா என்று நிலைகளை ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றத்தைக் கவனிப்பதே இரண்டுக்கும் பொது.

சாலை மாறியபோது

இந்திய நெடுஞ்சாலைகளில் நெடுங்காலம் ஆண்ட அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்கள் பெரும்பாலும் கைவலிமையாலேயே திருப்பப்பட்டவை. அவற்றில் ஸ்டீயரிங் ஓசை என்றால் தேய்ந்த பந்து இணைப்பின் ‘டக்’ ஒலிதான். தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் சான்ட்ரோவும், மறைமலை நகரில் 1999 முதல் ஐகானும் தயாரிக்கப்பட்ட காலகட்டத்தில்தான் நீரியல் பவர் ஸ்டீயரிங் நடுத்தர வர்க்கக் கார்களில் பரவலாயிற்று. திருச்சிக்கு அருகிலுள்ள விராலிமலை, லாரி, பேருந்துகளுக்கான நீரியல் ஸ்டீயரிங் உற்பத்தியின் மையங்களில் ஒன்றாகவும் ஆனது. ஆனால் அமெரிக்கப் பட்டறைகள் நாற்பது ஆண்டுகளில் கற்ற பாடத்தைக் கற்க இங்கே கிடைத்த காலம் குறைவு. அதற்குள் மின்மோட்டார் வந்துவிட்டது.

1988-இல் ஜப்பானில் சுசூகி செர்வோ காரில் அறிமுகமான மின் பவர் ஸ்டீயரிங், எண்ணெயையும் பம்பையும் பெல்ட்டையும் ஒருசேர நீக்கியது. திருப்பும் விசையை உணரியொன்று அளக்க, மோட்டார் தேவைப்படும் கணத்தில் மட்டும் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. நேராக ஓடும்போதும் எண்ணெய் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற டேவிஸின் கொள்கை, எரிபொருளின் ஒவ்வொரு துளியும் கணக்கிடப்பட்ட காலத்தில் வீண்செலவாகத் தெரிந்தது. கசிவுக்கும் இரைச்சலுக்கும் தீர்வாகத் தொடங்கிய அந்த ஓயாத சுழற்சியே அதன் முடிவுக்கும் காரணமாயிற்று. புதிய அமைப்பின் கோளாறு பெரும்பாலும் எச்சரிக்கை விளக்காகவும் குறியீட்டு எண்ணாகவும் வெளிப்படுவதால், அதைப் படிக்கக் கருவி வேண்டும், காது வேண்டியதில்லை.

எனினும் பேருந்துகளிலும் லாரிகளிலும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களிலும் எண்ணெய் இன்றும் சுழல்கிறது. அவற்றைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த பாகத்திலிருந்து தொடங்காமல் எண்ணெய் மட்டம், எண்ணெயின் நிறம், பெல்ட், உறிஞ்சு ஹோஸ் என்று மலிவானதிலிருந்து தொடங்கும் வரிசை, அனுபவத்தில் உறுதிப்பட்ட ஒன்று. ஏனெனில் பம்பின் பெயரில் வரும் புகார்களில் பல, பம்புக்கு முன்னால் இருக்கும் இந்தப் பாகங்களிலேயே முடிந்துவிடுகின்றன. ஓசையே கோளாறு என்று கருதும் மெக்கானிக் நல்ல பம்பையும் கழற்றிவிடுவார். எந்த ஓசை வடிவமைப்பில் பிறந்தது, எது தேய்மானத்தில் பிறந்தது என்று பிரிக்கத் தெரிந்தவர், ஒரு ஓ-ரிங்கோடு வேலையை முடித்துவிடுவார்.